எலி தின்ற தப்பு

ஜெயராணிக்குச் சுத்தமாகப் பிடிக்காத பேச்சு ஒன்று உண்டு. "கண்ணைப் புடுங்கிக்கிட்ட ஆண்டவன், விரல்ல பத்துக் கண்ணை வெச்சிருக்கான் பாரு" என்று யாராவது உச்சுக்கொட்டினால் போதும், முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவாள்.

"ஆண்டவன் ஒண்ணும் வெக்கலீங்க. முப்பது வருசம் பிரம்பு பின்னுனா உங்க விரலுக்கும் வரும். வாங்க, இப்படி உக்காருங்க, சொல்லித் தர்றேன்."

உச்சுக்கொட்டியவர் அதற்குப் பிறகு வந்த வேலையை மட்டும் சொல்லிவிட்டுப் போவார்.

கடலூர் முதுநகரில், மீன் மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் அவளுடைய ஒற்றை அறைக் கடை இருக்கிறது. நாற்காலிச் சட்டத்தைக் கொடுத்தால் இருக்கையும் முதுகும் பிரம்பில் பின்னித் தருவாள். ஐந்து வயதில் தட்டம்மை வந்து பார்வை போனது. பார்வையற்றோர் பள்ளியில் இந்தத் தொழிலைப் படித்தாள். முன்பெல்லாம் ஆபீசு நாற்காலிகள்தான் வரும். இப்போது புதுச்சேரி ஓட்டல்காரர்களுக்குத் திடீரென்று பிரம்பின்மேல் ஆசை வந்துவிட்டது. சட்டங்களை வேனில் ஏற்றி அனுப்புகிறார்கள். கணவன் அன்புமணி ஐஸ் கம்பெனியிலிருந்து வீட்டுக்கு வரும்போது, உள்ளே நுழைய வழியில்லாமல் நாற்காலிக் கால்களைத் தாண்டிக் குதித்துத்தான் வர வேண்டும்.

வேலைக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒரு பயம் மட்டும் முதல் நாளிலிருந்து கூடவே இருந்தது. கண் தெரிந்தவன் பின்னலில் ஓர் இழை தப்பினால், அது தப்பு. இவள் பின்னலில் ஓர் இழை தப்பினால், அது கண். "பாவம், தெரியலை இல்ல" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அந்தப் 'பாவ'த்தைக் கேட்பதைவிடச் செருப்படி மேல் என்பது அவள் கட்சி. அதனால் முடித்த ஒவ்வொரு நாற்காலியையும் மூன்று முறை தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவாள்.

போன தை மாதம், பொங்கல் கழிந்த செவ்வாய்க்கிழமை காலையில், சிதம்பரத்திலிருந்து கலைமணி சார் வந்தார். கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். அவருடைய துறையின் நாற்காலிகள் எல்லாம் ஒரு காலத்தில் இவள் கை பட்டவை. அவர் வாயைத் திறப்பதற்குமுன் அவர் கொண்டுவந்த பை பேசியது. கடை முழுக்க வடகம் மணத்தது.

"சார், என்னா கொண்டாந்தீங்க? தாளிக்கிற வடகமா?"

"வடகம் இல்லம்மா. வடகம் இருந்த கூடை" என்றார் கலைமணி. குரலில் குற்றவாளிக்கு உண்டான பணிவு இருந்தது.

விஷயம் இதுதான். அவர் மகள் இளவரசி அமெரிக்காவில் நார்த் கரோலினா மலைப்பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி வேலையில் இருக்கிறாள். செரோக்கி என்ற பழங்குடி மக்களின் ஊர் அங்கேதான். லூவெல்லா என்ற செரோக்கி அம்மாள் மணிக்கட்டு உடைந்து அவளிடம் வந்திருக்கிறார். கை சரியானதும், தானே பின்னிய மூடிபோட்ட கூடை ஒன்றை இளவரசிக்குக் கொடுத்தார். அதை இளவரசி போன தடவை சிதம்பரத்துக்குக் கொண்டுவந்து ஷோகேசில் வைத்துவிட்டுப் போனாள். கலைமணியின் மனைவி பட்டம்மாளுக்கோ, சும்மா இருக்கிற பாத்திரத்தைக் கண்டால் கை துறுதுறுக்கும். காற்றாடவும் இருக்கும், மூடியும் இருக்கும் என்று வடகத்தைப் போட்டு வைத்துவிட்டார். எலி வந்தது.

"இளவரசி பதினஞ்சு நாள்ல வர்றா. வெளியில உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. எப்படியாச்சும் பண்ணிக் குடு."

"எனக்கு நாற்காலிதான சார் தெரியும்? கூடை என் வேலை இல்லியே" என்று சொல்லிக்கொண்டேதான் ஜெயராணி கூடையை வாங்கினாள். விரல் உள்ளே போனது, வெளியே வந்தது, மறுபடி உள்ளே போனது.

"இருங்க. இதுல என்னமோ கோளாறு இருக்கு."

"அதான் சொன்னேனே, எலி."

"எலி இல்ல சார். வெளிப்பக்கம் வழவழன்னு இருக்கு. உள்பக்கமும் வழவழன்னு இருக்கு. அதெப்படி? மூங்கிலோ பிரம்போ, கிழிச்சா தோல் பக்கம் வழவழப்பு, உள் சதைப் பக்கம் சொரசொரப்பு. ரெண்டுல ஒண்ணு இருக்கணும் இல்ல. அந்தச் சொரசொரப்பு எங்க போச்சு?"

கலைமணி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். மூன்று வருஷமாக அந்தக் கூடை அவர் கண்ணெதிரே ஷோகேசில் இருந்தது. இந்தக் கேள்வி அவருக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. பழுப்பும் மஞ்சளுமாக வைரக்கட்டம் போட்டது என்பதற்குமேல் அவர் அதைப் பார்த்ததே இல்லை.

ஜெயராணி எலி போட்ட ஓட்டையின் ஓரத்தில் சுண்டுவிரலை விட்டாள். அங்கே இருந்தது பதில். வெளியே ஒரு சுவர், உள்ளே ஒரு சுவர், இடையில் நகம் நுழையும் சந்து. தேடிய சொரசொரப்பு முழுவதும் அந்தச் சந்துக்குள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தது.

"ரெண்டு கூடை சார்! ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகி வெச்சிருக்காங்க" என்றாள்.

சொன்னவளே அன்று மத்தியானம் அதை மறுத்தாள். கலைமணி போன பிறகு, வந்த வேலையை எல்லாம் ஓரங்கட்டிவிட்டு அதையே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு கூடை என்றால் விளிம்பில் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருக்க வேண்டும். எந்தக் கூடைக்கும் விளிம்பில் ஒரு கட்டு உண்டு, நம் ஊர் முறத்துக்கும் உண்டு. இதற்கு இல்லை. ஒரே ஓர் இழையைப் பிடித்துக்கொண்டு, கூடையின் உள் அடியிலிருந்து நகத்தாலேயே நடந்தாள். இழை உள்சுவரில் ஏறியது. விளிம்புக்கு வந்ததும் சாய்வாக மடிந்து வெளியே குதித்தது. வெளிச்சுவரில் இறங்கி, வெளி அடியில் மற்றவற்றோடு கலந்து, நுனியை உள்ளே ஒளித்துக்கொண்டது. மடிந்து வந்ததால்தான் தோல் பக்கம் உள்ளேயும் வெளியேயும் தெரிகிறது. ஒரே கூடைதான், உள்ளிருந்து தொடங்கித் தன்னையே போர்த்திக்கொண்டு முடிகிறது.

சோறு ஆறிப்போய்க் கிடந்தது. ஜெயராணி தனியாகச் சிரித்தாள். அவ்வளவு சந்தோஷம்.

"யாருடி இவ!" என்றாள், கூடையிடம்.

மறுநாள் போனில் இதைச் சொன்னதும் கலைமணிக்கும் தொற்றிக்கொண்டது. அவர் பாடம் நடத்தியவர் இல்லையா, தேடிப் படித்துவிட்டுத் தினம் ஒரு சேதியோடு கூப்பிடுவார். இழை, அங்கே ஆற்றோரம் வளரும் மூங்கில் சாதி. பழுப்பு நிறம், அக்ரூட் சாதி மரம் ஒன்றின் வேரை வேகவைத்து எடுப்பது. அந்த மக்களில் பெரும்பகுதியை ஒரு காலத்தில் அரசாங்கமே ஊரைவிட்டுத் துரத்தி, ஆயிரம் மைல் நடக்க வைத்ததாம். மலைக்குள் தங்கிவிட்டவர்களின் பிள்ளைகள்தான் இப்போது அங்கே இருப்பவர்கள். இந்த இரட்டைச் சுவர்ப் பின்னலே நடுவில் கைவிட்டுப்போய், கடல் தாண்டிக் கிடந்த ஒரு பழைய கூடையின் போட்டோவைப் பார்த்துப் பார்த்தே ஒரு பெண் மறுபடி கண்டுபிடித்தாராம்.

"போட்டோவைப் பாத்தா?" என்றாள் ஜெயராணி. "கூடையைக் கையில வெச்சிக்கிட்டே எனக்கு ஒரு பொழுது போச்சு. அந்தம்மா பொல்லாத ஆளுதான் சார்."

ஸ்ரீமுஷ்ணத்தில் மூங்கில் கூடை முடைபவரிடம் கலைமணியே போய், தோலை மட்டும் மெல்லிசாகச் சீவி வாங்கி வந்தார். பாதியை அப்படியே விட்டு, பாதியைக் கருவேலம்பட்டைக் கஷாயத்தில் வேகவைத்தார். அசல் பழுப்பு வரும்வரை மூன்று நாள் பட்டம்மாளுக்கு அடுப்பு கிடைக்கவில்லை. நிறம் ஏறிய இழைகளின் நுனியில் மட்டும் அன்புமணி கத்தரியால் ஒரு வெட்டுப் போட்டுக் கொடுத்தான். வெட்டு இருந்தால் பழுப்பு, இல்லாவிட்டால் மஞ்சள். ஜெயராணிக்கு அதற்குமேல் நிறம் தேவைப்படவில்லை.

உள்சுவர் ஓட்டை சின்னது. ஒரே நாளில் அடைத்துவிட்டாள். பழைய இழையின் மேலேயே புது இழையைச் செருகி, நுனிகளை இரண்டு சுவருக்கும் நடுவில் தள்ளிவிட்டால் யார் கண்ணுக்கும் தெரியாது. லூவெல்லா அம்மாள் தனக்காகவே அந்த இடைவெளியை விட்டு வைத்ததுபோல இருந்தது அவளுக்கு.

வெளிச்சுவரில்தான் சிக்கல் வந்தது.

கலைமணி கட்டம்போட்ட தாளில் அந்த வைரக்கட்டத்தை வரைந்து கொண்டுவந்து, ஒவ்வொரு வரிசையாகப் படித்துச் சொன்னார். ஓர் இழை, குறுக்கே வரும் மூன்று இழைகளின் மேலே, அடுத்த மூன்றின் கீழே. எல்லாம் சரியாகத்தான் வந்தது, கூடையின் மூலை திரும்பும் இடம் வரை. எலி கடித்ததும் அந்த மூலையில்தான்.

"இங்க மட்டும் நாலு மாதிரி தெரியுது" என்றார் அவர். "எலி இழுத்துக் கலைச்சிருக்கும். நீ மூணாவே போட்டுடு."

ஜெயராணி அந்த இடத்தைத் தடவினாள். எலி கடித்து மிச்சம் விட்ட இழை நுனிகள் இருந்தன. பல வருஷம் ஒரே இடத்தில் வளைந்து கிடந்த இழைக்கு அந்த வளைவு மறக்காது. எங்கே மேலே போனோம், எங்கே கீழே புகுந்தோம் என்று ஒவ்வொரு நுனியிலும் தடம் இருந்தது. நாலுதான். மூன்றின் மேலே போக வேண்டிய இழை நாலின் மேலே போயிருந்தது. அதற்கு இரண்டு வரிசை தள்ளி, எலி தொடாத இடத்தில், ஓர் இழை இரண்டை மட்டும் தாண்டிக் கணக்கை நேர் செய்திருந்தது.

"எலி கலைக்கல சார். பின்னுனவங்களே தப்பிட்டாங்க."

"அதெப்படி? எத்தனை தலைமுறையா பின்னுற சனம்! அவுங்க தப்புவாங்களா?"

"தலைமுறையா பின்னுனா? மூலை திரும்புறப்ப எண்ணிக்கை தப்பும் சார். எனக்குத் தெரியாதா?"

"சரி, தப்புன்னே வெச்சுக்க. பாதியை எலி தின்னுட்டுது. நல்லதாப் போச்சு. நீ சரி பண்ணிடு."

அவர் போன பிறகு ஜெயராணி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்று போட்டால் கட்டம் அழகாக வரும். எல்லோரும் கைதட்டுவார்கள். ஆனால் இரண்டு வரிசை தள்ளி லூவெல்லா அம்மாள் செய்த திருத்தம் அப்போது அநாதையாக நிற்கும். சரியான இடத்தில் எதற்கு ஒரு திருத்தம்? அதையும் எடுக்க வேண்டும். அதை எடுத்தால் அதன்கீழே நாலு வரிசை, நன்றாக இருக்கிற இழைகள், அவிழ்க்க வேண்டும். எலி தின்னாததை இவள் எப்படித் தின்பது?

நாலு போட்டால் கூடை பழைய கூடையாகவே இருக்கும். ஆனால் பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். பழுதுபார்த்த இடத்தில் கட்டம் கோணலாக இருக்கும். யார் பழுதுபார்த்தது? கண் தெரியாதவள்.

அன்புமணியிடம் சொன்னாள். அவன் நேரே விஷயத்துக்கு வந்தான்.

"மூணே போட்டுடேன் ஜெயா. ஊர்க்காரன் தப்பை எல்லாம் நீ எதுக்குத் தலையில தூக்கி வெச்சுக்குற? ஒத்தைத் தப்புகூட உம்பேர்ல வரக் கூடாதுன்னுதான இத்தினி வருசமா உசுரை விடுற?"

"அதுக்காக? அவுங்க கையை மாத்தச் சொல்றியா மாமா?"

"யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியும் இல்ல."

இரண்டு நாள் தள்ளிப்போட்டாள். அதற்குள் ஓர் ஓட்டல் நாற்காலியை முடித்தாள். அதிலும் மனசு நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் முகம் கழுவிவிட்டு உட்கார்ந்து, வெட்டுள்ள இழையை எடுத்து, நாலின் மேலே போட்டாள். இத்தனை வருஷத்தில் தெரிந்தே ஒரு தப்பைப் பின்னியது அதுதான் முதல் தடவை. கை கூசியது.

ஞாயிற்றுக்கிழமை கூடையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் சிதம்பரம் போனாள். கலைமணி கூடையை வாங்கி ஜன்னல் பக்கம் கொண்டுபோனார். ஓட்டை எங்கே இருந்தது என்றே தெரியவில்லை என்று தொடங்கியவர், பாதியில் நிறுத்தினார். மூலைக்கு வந்துவிட்டார் என்று ஜெயராணிக்குப் புரிந்தது.

"மூணு போடச் சொன்னேனேம்மா."

"அங்க நாலுதான் சார் இருந்திச்சு. இருந்ததைத்தான் போட்டேன்."

கலைமணி கூடையை ஷோகேசில் கொண்டுபோய் வைத்தார். சமையலறையிலிருந்து வந்த பட்டம்மாள்தான் சொன்னார், நல்ல மனசோடுதான் சொன்னார்: "விடுங்க, என்னா இப்போ? பாவம், கண்ணு தெரியாம இவ்ளோ தூரம் பண்ணதே பெருசு. காப்பி சாப்புடும்மா."

ஜெயராணிக்கு விளக்கம் நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் சாக்கு என்று நினைப்பார்கள். காப்பியைக் குடித்தாள். அது என்ன ருசி என்றே தெரியவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டு அழுதாள். மூன்று போட்டிருக்கலாம் என்று ஆலப்பாக்கம் வரை நினைத்தாள். அதற்கப்புறம் நாலுதான் சரி என்று கடலூர் வரை நினைத்தாள்.

இளவரசி வந்த நாலாம் நாள் போன் செய்தாள். எலி தின்றதையும் சரிசெய்ததையும் அப்பா சொல்லிவிட்டாராம். இவளும் லூவெல்லாவிடம் சொல்லிவிட்டாளாம்.

"அக்கா, அவுங்களுக்குக் கூடையைப் பாக்கணுமாம். ரிப்பேர் பண்ணவங்களையும் பாக்கணுமாம். சாயங்காலம் நம்ம வூட்டுல வீடியோ கால் போடலாமா? அங்க காலை நேரமா இருக்கும்."

போகாமல் இருந்துவிடலாமா என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் தன்னைப் போர்த்திக்கொள்ளும் கூடையைப் பின்னிய அந்தப் பெண்ணின் குரலையாவது கேட்க வேண்டும். ஆசை வென்றது. அன்புமணி அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கூட வந்தான், யாராவது ஏதாவது சொன்னால் சண்டைக்கு இருக்கட்டும் என்று.

லூவெல்லாவின் குரல் கரகரவென்று, ஆனால் அவசரமில்லாமல் இருந்தது. அவர் ஆங்கிலத்தில் சொல்வதை இளவரசி தமிழில் சொன்னாள். கலைமணி கூடையைக் காமிராவுக்குக் காட்டினார். எல்லாப் பக்கத்தையும் காட்டினார், அந்த மூலையைத் தவிர. மகளின் மானம், வீட்டு மானம், ஜெயராணியின் மானம் எல்லாவற்றையும் காப்பாற்றப் பார்த்தார் மனுஷன்.

"இன்னும் கொஞ்சம் திருப்பச் சொல்றாங்கப்பா" என்றாள் இளவரசி. "இல்ல, அந்தப் பக்கம். மூலை. மூலையைக் காட்டு."

கலைமணி தயங்கிக்கொண்டே திருப்பினார். ஜெயராணி சேலை நுனியை விரலில் சுற்றி இறுக்கிக்கொண்டாள். அப்புறம் அமெரிக்காவிலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. அடங்கவே இல்லை. இளவரசியும் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"என்னாடி, என்னா சொல்றாங்க?" என்றார் பட்டம்மாள்.

"அது அவுங்க விட்ட தப்பாம்மா! கை சரியானதும் பின்னுன முதல் கூடையாம். டீவியில பேஸ்கட்பால் மேட்ச் பாத்துக்கிட்டே பின்னுனாங்களாம். மூலைல எண்ணிக்கை தப்பிடுச்சாம். ரெண்டு வரிசை கழிச்சுத்தான் பாத்தாங்களாம். அவிழ்க்கச் சோம்பல்பட்டு அப்படியே நேர் பண்ணிட்டாங்களாம். அந்தத் தப்போட குடுத்துட்டோமேன்னு இத்தினி நாளா வெக்கமா இருந்திச்சாம். எலி அந்த மூலையைத்தான் தின்னுச்சுன்னு நான் சொன்னதும், மனசுக்குள்ள எலிக்கு நன்றி சொன்னாங்களாம். இப்போ பாத்தா, எலி தின்ன தப்பு திரும்பி வந்திருக்கு."

கலைமணி கூடையை மெதுவாக மேசைமேல் வைத்தார். பட்டம்மாள், "ஐயோ, நான் ஒரு கூறுகெட்டவ" என்றார், யாரிடமும் இல்லாமல்.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணுமாம்" என்றாள் இளவரசி. "சரி பண்ணியிருக்கலாமே, ஏன் பண்ணலைன்னு கேக்கறாங்க."

"சரி பண்ணணும்னா எலி தின்னாத இழையையும் அவிழ்க்கணும். அது அவுங்க போட்டது. நான் யாரு அதை அவிழ்க்க?" என்றாள் ஜெயராணி.

இளவரசி அதைச் சொன்னாள். அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. லூவெல்லா ஏதோ சொன்னார், சின்ன வாக்கியம்.

"அது என் தப்புதான்னு எல்லார்கிட்டயும் சொல்லிடச் சொல்றாங்க, அக்கா. உங்க கை தப்பலைன்னு சொல்லச் சொல்றாங்க."

இதைத்தான் ஜெயராணி வாழ்நாள் முழுக்க யாராவது சொல்ல வேண்டும் என்று காத்திருந்தாள். கேட்டதும் குளிர்ந்திருக்க வேண்டும். குளிரத்தான் செய்தது. ஆனால் அதைவிட அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது வேறொன்று. அந்த அம்மாள் எத்தனை சுலபமாக, என் தப்பு என்று சொல்லிச் சிரிக்கிறார்! மேட்ச் பார்த்தேன், தப்பிவிட்டது, அவ்வளவுதான். அப்படிச் சொல்ல முடியும் என்பதே அவளுக்கு இதுவரை தெரியாது.

"இளவரசி, அவுங்ககிட்ட ஒண்ணு சொல்லும்மா" என்றாள் ஜெயராணி. "நானும் ஒண்ணு விட்டிருக்கேன். ஒரு பெரிய ஆபீசரு நாற்காலி. எந்த ஆபீசுன்னு கேக்காதீங்க. அனுப்பிட்டு, மறுநாள் தூங்கி எழுந்திரிக்கிறப்பதான் ஒரு இழை தப்புனது நெனப்பு வந்திச்சு. பன்னெண்டு வருசம் ஆவுது. என் வூட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது."

"அடிப்பாவி!" என்றான் அன்புமணி.

இளவரசி சிரித்துக்கொண்டே ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினாள். "இரும்மா, இன்னும் முடியல" என்று ஜெயராணி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். "இத்தினி வருசத்துல அஞ்சாறு ஆபீசருங்க மாறிட்டாங்க. எல்லாருக்கும் கண்ணு நல்லாத் தெரியும். ஒருத்தரும் கண்டுபுடிக்கலைன்னு சொல்லு."